குழந்தைக்கு ஆகும் பெரிய செலவு டயப்பர் இல்லை... வராமல் போகும் சனிக்கிழமைச் சம்பளம்! - சிவகாசி பக்கத்து இளம் பெற்றோருக்கு ஒரு கணக்கு

'பாப்பா பிறந்தாச்சு' என்று ஸ்டேட்டஸ் வைத்த நாளிலிருந்தே போனில் விளம்பரங்கள் வரிசைகட்ட ஆரம்பித்துவிடும். பேபி கேரியர், பாட்டில் ஸ்டெரிலைசர், ரிமோட்டில் ஆடும் தொட்டில் என்று ஒவ்வொன்றாக வரும். 'பிறந்த குழந்தைக்கு அவசியம் வாங்க வேண்டிய 30 பொருள்கள்' என்று ரீல்ஸ் வேறு. 'இதெல்லாம் வாங்கலைன்னா பிள்ளையை நல்லா பார்த்துக்கலைன்னு ஆயிடுமோ' என்று குழம்பிப்போகிறவர்கள் நிறைய பேர்.

சிவகாசி, திருத்தங்கல், சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் பயர் ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சகம் என்று வேலைக்குப் போகிற குடும்பங்களுக்கு அந்த 30 பொருள் லிஸ்ட்டில் இல்லாத ஒன்றுதான் பெரிய செலவு. அது எந்தக் கடையிலும் விற்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வராமல் போகிற அம்மாவின் வாரச் சம்பளம்தான் அது.

முதலில் கணக்கைப் போடுவோம்

ஒரு பேச்சுக்கு, தினமும் 450 ரூபாய் சம்பாதிக்கிற பெண் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 6 நாள் வேலை, 2,700 ரூபாய். பிரசவத்துக்காக 26 வாரம் வேலைக்குப் போகவில்லை என்றால், இழப்பு 70,200 ரூபாய்.

இப்போது டயப்பர். ஒன்று 10 ரூபாய், ஒரு நாளைக்கு 6 என்றால் மாதம் 1,800. அதே ஆறு மாதத்துக்கு 10,800 ரூபாய். பெரிய தொகைதான். ஆனால், வராத சம்பளம் அதைப்போல ஆறரை மடங்கு!

நம்ம ஊரில் இதோடு இன்னொரு சிக்கலும் உண்டு. மழை பெய்தால் பட்டாசு வேலை நிற்கும். தீபாவளி முடிந்தால் ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும். வீட்டுக்காரரும் அதே தொழில் என்றால், இரண்டு சம்பளமும் ஒரே சமயத்தில் நின்றுபோகலாம்.

அப்போது என்ன நடக்கும்? முதலில் அட்வான்ஸ் வாங்குவார்கள். அடுத்து நகை அடகுக்குப் போகும். அதற்கும் அடுத்து, 'வீட்டுல இருந்தே ஏதாவது செய்யலாமே' என்று தோன்றும். வெறும் காகிதக் குழாய் உருட்டுவது வேறு விஷயம். வெடிமருந்து பூசிய கருந்திரியை வீட்டில் வைத்துத் தயாரிப்பது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. தொட்டில் ஆடுகிற அதே அறையில் கருந்திரி காய்கிற நிலைமைக்கு ஒரு குடும்பம் போவதற்குக் காரணம் பெரும்பாலும் அறியாமை இல்லை, அந்த வாரத்துக்குக் காசு இல்லை. அதனால்தான் பிரசவகால விடுப்புப் பணத்தைச் சலுகை என்று நினைக்காமல், பிள்ளையின் பாதுகாப்புக்கான பணம் என்று பார்க்க வேண்டும்.

கர்ப்பம் உறுதியானதும் பார்க்க வேண்டியது: இ.எஸ்.ஐ

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ள தொழிலாளர்களுக்கு இ.எஸ்.ஐ உண்டு. நம் சம்பளத்தில் 0.75 சதவிகிதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவிகிதம் போடுவார். 'நான் பீஸ் ரேட்தானே', 'கான்ட்ராக்ட் மூலமாத்தானே போறேன்' என்று விட்டுவிட வேண்டாம். அவர்களுக்கும் இ.எஸ்.ஐ பொருந்தும்.

பிரசவத்துக்கு இதில் என்ன கிடைக்கும்? முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், சராசரி தினச் சம்பளம் முழுசாக. இதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்னாடியே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது குழந்தை என்றால் 12 வாரம். முன்பு எல்லோருக்குமே 12 வாரம்தான் இருந்தது, 2017-ல்தான் 26 ஆனது.

இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் குறைந்தது 70 நாளுக்கு உங்கள் பெயரில் சந்தா கட்டப்பட்டிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொரு காலம். எட்டாவது மாதத்தில் விசாரித்து, 'உங்க பேர்ல நாள் பத்தலைம்மா' என்ற பதில் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் இன்றைக்கே உமங் ஆப்பில் உங்கள் இ.எஸ்.ஐ எண்ணைப் போட்டு, சந்தா ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். எண்ணே கொடுக்கவில்லையா? ஆபீஸில் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் இ.எஸ்.ஐ கிளை அலுவலகத்தில் கேளுங்கள்.

கணவருக்கு இ.எஸ்.ஐ இருந்தால், மனைவி இ.எஸ்.ஐ மருத்துவமனையில் இலவசமாகப் பிரசவம் பார்த்துக்கொள்ளலாம். சிவகாசியிலேயே இ.எஸ்.ஐ மருத்துவமனை இருக்கிறது. ஆனால், கணவரின் கார்டை வைத்து மனைவிக்கு விடுப்புச் சம்பளம் கிடைக்காது. அதற்கு மனைவி பெயரில் கார்டு வேண்டும்.

இ.எஸ்.ஐ பொருந்தாத தொழிற்சாலை என்றால், பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்தவருக்கு முதலாளியே விடுப்புச் சம்பளம் கொடுக்க வேண்டும். பிரசவமாகி ஆறு வாரம் வரை வேலைக்குக் கூப்பிடவே கூடாது. விடுப்பில் இருக்கும்போது வேலையைவிட்டு எடுப்பதும் சட்டவிரோதம்.

அரசு தரும் 18,000 ரூபாய்

வீட்டிலிருந்தே குழாய் உருட்டுகிறவர்கள், கார்டு இல்லாதவர்களுக்கு முக்கியமான உதவி, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். 1987-ல் வெறும் 300 ரூபாயில் தொடங்கியது. 2006-ல் 6,000, 2011-ல் 12,000, 2018-ல் 18,000 என்று உயர்ந்தது.

இதில் 14,000 ரூபாய் பணமாக வரும். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். பணம் மூன்று தவணையாகப் பிரித்துத் தரப்படுகிறது:

- கர்ப்பத்தின் நான்காவது மாதம் - 6,000 ரூபாய்
- குழந்தைக்கு நான்காவது மாதம் - 6,000 ரூபாய்
- குழந்தைக்கு ஒன்பதாவது மாதம் - 2,000 ரூபாய்

வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள, 19 வயது நிரம்பிய பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு இது பொருந்தும். 12 வாரத்துக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்துவிடுங்கள். பணம் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்குத்தான் வரும். கணக்கு செயலில் இருக்கிறதா என்று முன்னாடியே பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டையும் பத்திரம், பிந்தைய தவணைகளுக்கு அது வேண்டும்.

பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களுக்கென்றே தனி நல வாரியமும் இருக்கிறது. அதில் உறுப்பினராக இருந்தால் மகப்பேறு உதவி பற்றிக் கேட்டு வாங்குங்கள்.

ஆஸ்பத்திரி செலவு எவ்வளவு?

அரசு மருத்துவமனையில் சுகப்பிரசவமோ, சிசேரியனோ கட்டணம் கிடையாது. மருந்து, ஸ்கேன், ரத்தம், சாப்பாடு எல்லாம் இலவசம். போவதற்கு 108, தாயையும் சேயையும் வீட்டில் கொண்டுவந்து விட 102. விருதுநகரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்திருக்கிறது. 'பெரிய ஆஸ்பத்திரின்னா மதுரைக்குத்தான்' என்று உடனே டாக்சி பேசுவதற்கு முன்னால், இங்கே என்ன வசதி என்று டாக்டரிடம் கேட்டுவிடலாம்.

தடுப்பூசியிலும் பெரிய மிச்சம் இருக்கிறது. பி.சி.ஜி, போலியோ, பென்டாவேலன்ட், ரோட்டா, நியுமோகாக்கல், தட்டம்மை - ரூபெல்லா எல்லாமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். இதில் சில ஊசிகளுக்குத் தனியாரில் ஒரு டோஸுக்கே ஆயிரங்களில் செலவாகும்.

எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

வாங்கலாம்: நாலைந்து பருத்திச் சட்டைகள், கொசுவலை, ஒரு தெர்மாமீட்டர், நகவெட்டி, ராத்திரிக்கும் பயணத்துக்கும் மட்டும் கொஞ்சம் டயப்பர். பகலுக்கு, துவைத்து வெயிலில் காயவைத்த பழைய வேட்டித் துணியே போதும். நம்ம ஊர் வெயிலுக்கு நாள் முழுக்க டயப்பர் போட்டால் தொடையெல்லாம் சிவந்து புண்ணாகும், அதற்குத் தனியாக க்ரீம் செலவு!

தவிர்க்கலாம்: பவுடர், கண் மை, கிரைப் வாட்டர், வாசனை ஆயில். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது வேண்டவே வேண்டாம்.

டப்பா பால்? முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சித்திரை வெயிலிலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. டப்பா பாலுக்கு விளம்பரம் செய்வதையே 1992-லிருந்து இந்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. டாக்டர் சொல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். ஆரம்பித்தால் மாதா மாதம் ஓடுகிற செலவு அது. அந்தக் காசில் தாய்க்கு முட்டை, மீன், கீரை, பருப்பு வாங்கலாம். 'பச்சை உடம்புக்காரி' என்று சொல்லி பத்தியம் என்ற பெயரில் அவள் தட்டைக் காலியாக்குவது நல்லதல்ல. ஆறு மாதத்துக்குப் பிறகு அங்கன்வாடி சத்துமாவு இலவசம்.

மறுபடி வேலைக்குப் போகும்போது

அலுமினியப் பவுடர், கந்தகம் எல்லாம் கையிலும் சேலையிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும். குளித்து, உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள், பால் கொடுங்கள். வேலை உடையைக் குழந்தைத் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள். அப்பாவுக்கும் இதே விதிதான்!

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, பால் கொடுக்க தினமும் இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. 50 பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். பால் பீய்ச்சி வைத்துவிட்டுப் போவதென்றால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். வெக்கையில் வெளியே வைத்தால் சீக்கிரம் கெட்டுவிடும்.

சான்றிதழும் காதுகுத்தும்

பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. ஒரு வருடத்துக்குள் பெயர் சேர்ப்பதும் இலவசம். கர்ப்பப் பதிவின்போது கிடைத்த பிக்மி எண்ணை மறக்காமல் கொடுங்கள். 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். எழுத்துப்பிழை இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். இருக்கன்குடியில் மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும் என்று நேர்ந்திருப்பீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் வட்டிக்கு வாங்கி, பந்தல் போட்டு, ஊருக்கே பிரியாணி போடுவதை முதல் வருடமே செய்துதான் ஆக வேண்டுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். மாரியம்மன் ஒரு வருடம் காத்திருப்பாள், வட்டி காத்திருக்காது.

போனில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ள...

- கர்ப்பம் உறுதியானதும்: இ.எஸ்.ஐ சந்தா நாள்களைப் பார்ப்பது
- 12 வாரத்துக்குள்: சுகாதார நிலையத்தில் பதிவு, வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு
- ஏழாவது மாதம்: விடுப்பு பற்றி ஆபீஸில் எழுத்தில் கொடுத்து, நகல் வைத்துக்கொள்வது
- பிறந்து 21 நாளுக்குள்: பிறப்புப் பதிவு
- 6, 10, 14-வது வாரங்களிலும் ஒன்பதாவது மாதத்திலும்: தடுப்பூசி, அட்டையில் பதிவு

30 பொருள்களில் பாதியை வாங்காவிட்டாலும் பாப்பா நன்றாகவே வளரும். ஆறு மாதம் அம்மா பக்கத்தில் இருந்தால்தான் அதற்கு நிம்மதி. அந்த ஆறு மாதத்துக்கான பணத்தை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தொட்டிலுக்கு அம்மாவின் பழைய நூல் சேலை ஒன்று போதும்!