குழுக் கணக்கு: கம்ப்யூட்டர் பாதி, ஊக்குநர் பாதி

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்ததும் அக்கம்பக்கத்தில் கேட்கிற முதல் உதவி, "எங்க குழுக் கணக்கை இதுல ஏத்தித் தர்றீங்களா?" என்பதுதான். அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் சில மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு நான் இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். எக்செல் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி குழுவின் ஊக்குநருக்குத்தான் தெரியும். இரண்டையும் எப்படிச் சேர்ப்பது என்று பார்ப்போம்.

குழுக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது புதிய யோசனை இல்லை. நபார்டு வங்கி 2015 மார்ச்சில் 'இ-சக்தி' திட்டத்தை ஜார்க்கண்டின் ராம்கர், மகாராஷ்டிராவின் துலே மாவட்டங்களில் தொடங்கியது. கணக்குச் சுத்தமாக இருந்தால் வங்கி நம்பிக் கடன் கொடுக்கும் என்பதே நோக்கம். அதே சமயம், மதுரைப் பக்கம் களஞ்சியம் குழுக்களை வளர்த்த சின்னப்பிள்ளை எழுதப் படிக்கத் தெரியாதவர். 2019-இல் பத்மஸ்ரீ பெற்றார். ஆட்களை அறிந்த அனுபவம் எவ்வளவு பெரிய மூலதனம் என்பதற்கு அவரே சாட்சி.

<b>பட்டியலைத் தொடங்குங்கள்</b>

எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். தமிழில் டைப் செய்வதானால் யுனிகோடையே பயன்படுத்துங்கள். முதல் வரிசையில் இந்தத் தலைப்புகளைக் கொடுங்கள்: உறுப்பினர் எண், பெயர், கணவர் அல்லது தந்தை பெயர், தெரு, போன், சேர்ந்த தேதி, சேமிப்பு, கடன், தவணைத் தேதி, நிலுவை.

ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். அதனால் ஆளுக்கு ஒரு எண் அவசியம். ஒருவர் விலகினால் அவர் எண்ணை வேறு யாருக்கும் கொடுக்காதீர்கள்.

<b>ஒரே போன், இரண்டு பேர்</b>

போன் எண்கள் உள்ள பத்தியைத் தேர்வு செய்து ஹோம், கண்டிஷனல் ஃபார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், டூப்ளிகேட் வேல்யூஸ் என்று வரிசையாக க்ளிக் செய்யுங்கள். இரண்டு முறை வந்த எண்கள் நிறம் மாறும். உடனே ஒன்றை அழித்து விடாதீர்கள்! மாமியாரும் மருமகளும் ஒரே போனை வைத்திருக்கலாம். சில வீடுகளில் அந்த போன் மகன் கையில் இருக்கும். அதற்குக் கடன் பாக்கி பற்றி எஸ்.எம்.எஸ். அனுப்பினால் வீட்டில் சண்டை வரும். அந்தப் பெண் குழுவை விட்டே போய் விடுவார். ஊக்குநரைக் கேட்டு, 'தகவல்: நேரில் / போனில்' என்று ஒரு பத்தி சேருங்கள்.

<b>நிலுவை எல்லாம் நிலுவையா?</b>

இது மானாவாரிப் பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பித்தான் பருத்தியும் மிளகாயும். விதைக்கும்போது கைக்காசு செலவாகும். தை, மாசிக்குப் பிறகுதான் வரவு. மாதத் தவணை போட்ட கம்ப்யூட்டரோ கார்த்திகையிலேயே பாதிப் பேரை 'நிலுவை' என்று காட்டும். அந்தத் தாளை அப்படியே வங்கிக்குக் கொடுத்தால் நல்ல குழுவும் மோசமான குழுவாகத் தெரியும். அடுத்த கடன் கிடைக்காவிட்டால் உறுப்பினர்கள் கந்து வட்டிக்காரரிடம்தான் போக வேண்டும்.

அதற்காக நிலுவையை அழித்து விடக் கூடாது. 'காரணம்', 'தள்ளி வைத்த தேதி', 'தீர்மான எண்' என்று மூன்று பத்திகள் சேருங்கள். யாருக்கு அவகாசம் கொடுப்பது என்பதைக் கூட்டம் முடிவு செய்யட்டும். தீர்மானப் புத்தகத்தில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் நீங்கள் டைப் செய்ய வேண்டும். ஊக்குநர் வேண்டியவருக்குச் சலுகை காட்டினாலும், தீர்மான எண் இல்லாத இடம் டேட்டா மெனுவில் உள்ள ஃபில்டரில் உடனே சிக்கி விடும். அவருடைய அனுபவம் கம்ப்யூட்டரைத் திருத்துகிறது. கம்ப்யூட்டர் அவரைச் சரிபார்க்கிறது.

<b>மறக்கக் கூடாதவை</b>

- ஃபைலுக்கு பாஸ்வேர்டு கொடுங்கள். தேவையில்லாமல் ஆதார் எண்ணை ஏற்றாதீர்கள்.
- ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிறகு பென் டிரைவில் ஒரு காப்பி எடுங்கள்.
- மாதம் ஒரு முறை பிரிண்ட் எடுத்து, அவரவர் சேமிப்பையும் கடனையும் கூட்டத்தில் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவருக்கும் தன் கணக்கு மனப்பாடம். தப்பு இருந்தால் அங்கேயே சொல்லி விடுவார்.
- கையெழுத்துப் பேரேட்டைத் தூக்கிப் போட்டு விடாதீர்கள். குறைந்தது ஓராண்டாவது இரண்டையும் சேர்த்தே நடத்துங்கள்.