ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

மறுவாழ்வு மருத்துவப் பிரிவின் சிகிச்சை அறைக்கு முதன்முறையாக வருவோர், சன்னல் ஓரத்தில் நிற்கும் பச்சை நிறச் சிறு ஜீப்பைப் பார்த்துவிட்டு, எந்தக் குழந்தை அதை மறந்து வைத்துவிட்டுப் போனது என்று கேட்பதுண்டு. அது குழந்தையின் பொம்மை அன்று. நாற்பத்து நான்கு வயதுள்ள லாரி மெக்கானிக் ஒருவர், ஏறத்தாழ எட்டு மாதங்களில், உணர்வற்றுப் போயிருந்த தம் வலக்கையால் கட்டி முடித்த மாதிரி வண்டி அது. அவருடைய ஒப்புதலைப் பெற்று, பெயரையும் ஊரையும் தவிர்த்து, இதை எழுதுகிறோம்.

பழைய லாரியின் முன்கண்ணாடியைக் கழற்றும்போது அது உடைந்து அவருடைய மணிக்கட்டைக் கிழித்துவிட்டது. விரல்களை மடக்கும் தசைநாண்கள் சிலவும், நடுநரம்பும் அறுபட்டிருந்தன. அறுவை சிகிச்சை நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் மூன்றாம் மாதம் எங்களிடம் வந்தபோது, அறுவை சிகிச்சை தோற்றுவிட்டது என்ற முடிவோடுதான் வந்தார். கட்டைவிரலிலும் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் தொடுவுணர்வு இல்லை. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. மரையை விரலால் தடவியே அளவு சொன்னவர், கையில் மரை இருக்கிறதா இல்லையா என்பதையே கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது. "கை இருக்கு சார், ஆனா என்னோடது இல்ல" என்றார்.

நரம்பின் கணக்கை அவருக்கும் அவர் மனைவிக்கும் சொன்னோம். இங்கே உங்களுக்கும் சொல்கிறோம், ஏனெனில் இதை அறியாமல் பாதியில் சிகிச்சையை நிறுத்துவோர் பலர். அறுபட்ட நரம்பைத் தைத்துவிட்டால் மின்கம்பியை முறுக்கிச் சேர்த்தது போல உடனே இயங்காது. வெட்டுக்கு அப்பாலுள்ள நரம்பிழைகள் அழிந்துபோகும். வெட்டுவாயிலிருந்து புதிய இழைகள் முளைத்து, பழைய உறையின் வழியே விரல்நுனிவரை வளர வேண்டும். முதல் சில வாரங்கள் வளர்ச்சியே தெரியாது. பிறகு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து சுட்டுவிரல் நுனி பதினாறு, பதினேழு சென்டிமீட்டர் தொலைவு என்றால், அரை ஆண்டுக்குக் குறையாமல் காத்திருக்கத்தான் வேண்டும். வளரும் முனை எங்கே இருக்கிறது என்பதை விரலால் தட்டிப் பார்த்தே ஓரளவு அறியலாம். தட்டும் இடத்தில் சுரீர் என்று மின்சாரம் பாய்வது போலிருந்தால், இழை அதுவரை வந்துவிட்டது என்று பொருள். அந்தச் சுரீரைக் கண்டு பல குடும்பங்கள் அஞ்சுகின்றன. அது நல்ல செய்தி.

காத்திருக்கும் காலத்தில் கை சும்மா இருக்கக் கூடாது. மூட்டுகள் இறுகிவிடும். மூளையும் அந்தக் கையை மறந்து, மற்றக் கையையே நாடத் தொடங்கிவிடும். அதனால் சிறு பொருள்களை எடுத்து வைக்கும் பயிற்சிகளைத் தருகிறோம். கிண்ணத்திலிருந்து கோலிக்குண்டு எடுப்பது, களிமண் பிசைவது, துணிக்கவ்வி மாட்டுவது. இவரோ நான்காம் நாளே, "இதையெல்லாம் வீட்டுல பண்ணிட்டு உக்காந்திருந்தா பையன் சிரிக்கிறான்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பையன்தான், ஒன்பதாம் வகுப்பு மாணவன், மாதிரி வண்டி செய்யலாம் என்ற யோசனையைச் சொன்னவன்.

இங்கே எங்கள் தவற்றையும் சொல்லிவிட வேண்டும். நாங்கள் முதலில் வாங்கித் தந்தது, உண்மை வண்டியின் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவுள்ள ராணுவ லாரி. விலை குறைவு, பெட்டியும் சிறியது. அதன் முகப்பு விளக்கு உளுந்தைவிடச் சிறியது என்பதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. உணர்வற்ற விரல்களுக்கு அந்தத் துண்டுகள் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. இரண்டாம் நாள் மாலை அவர் தட்டோடு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு எழுந்து போனார். அடுத்த வாரம் சிகிச்சைக்கு வரவில்லை. மகன் வந்து சொன்ன பிறகே எங்களுக்குக் காரணம் தெரிந்தது.

இரண்டாவதாக வந்தது முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவுள்ள ஜீப். ராணுவ வண்டி மாதிரிகளில் உலகெங்கும் பரவலான அளவு இதுதான். இந்த விந்தையான எண்ணுக்கு ஒரு கதையும் உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் தாமியா நிறுவனம் பாந்தர் என்னும் ஜெர்மானியப் பீரங்கி வண்டியை ஓடும் மாதிரியாகச் செய்தபோது, உள்ளே மோட்டாரும் மின்கலங்களும் அடங்க வேண்டியிருந்தது. அவை அடங்கும்படி வைத்த அளவே முப்பத்தைந்தில் ஒன்று. ஆக, மின்கலத்துக்காக வந்த எண் எங்களுக்கு விரலுக்காகப் பயன்பட்டது. இந்த அளவில் ஜீப்பின் சக்கரம் இரு விரல்களால் பற்றக்கூடிய பொத்தானைப் போன்றது. வண்டி முழுவதும் ஒன்பதரை சென்டிமீட்டர் நீளம்.

பெட்டியைத் திறந்ததும் அவர் சொன்ன முதல் சொல் புகார்தான்: ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கிறதாம். அமெரிக்க வண்டி என்று மகன் விளக்கினான். இரண்டாம் உலகப் போரில் வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைக் கட்டின. போருக்குப் பின் 1940களின் இறுதியில் பம்பாயில் மஹிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக வரவழைத்து இணைக்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்த வண்டிகளைத் தம் பட்டறைப் பருவத்தில் அவர் எத்தனையோ முறை பிரித்துப் பூட்டியிருக்கிறார். அடிச்சட்டத்தையும் வில்பட்டைகளையும் அவர் விளக்கத்தாளைப் பாராமலே இணைத்தார்.

கைக்கு ஏற்றவாறு சில மாற்றங்களை எங்கள் செயல்வழிச் சிகிச்சையாளர் செய்தார். இடுக்கியின் பிடியில் பஞ்சுப்பட்டை சுற்றிப் பருமனாக்கினார். துண்டுகளை வார்ப்புச் சட்டகத்திலிருந்து வெட்டும் முன்பே வண்ணம் பூசச் சொன்னார்; சட்டகம் முழுவதும் கைப்பிடியாக உதவும் என்பதால். ஓர் அமர்வு இருபது நிமிடம், அதற்கு மேல் இல்லை. வெளிச்சம் தாராளமாக வேண்டும், ஏனெனில் உணர்வற்ற கைக்குக் கண்தான் விரல்.

இருந்தும் நான்காம் மாதத்தில் ஒன்று நடந்தது. பிளாஸ்டிக் பிசிறைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தவர், பச்சைத் துண்டின்மேல் ஈரம் மினுங்குவதைக் கண்டு வண்ணம் காயவில்லை என்று நினைத்தார். அது அவருடைய சுட்டுவிரலின் இரத்தம். வலி சிறிதும் இல்லை. ஒரு தையல் போட வேண்டியிருந்தது. கத்தியை அவரிடம் தந்தது எங்கள் பிழை. கூர்மையையும் சூட்டையும் உணரும் காப்புணர்வு திரும்பும்வரை வெட்டும் வேலை முழுவதும் மகனுடையது என்று அன்றே மாற்றினோம். நீண்டநாள் நீரிழிவால் கைகால் மரத்துப்போனவர்களுக்கும் இது பொருந்தும். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை உண்போர் கத்தியைத் தவிர்த்து, துண்டு வெட்டும் நிப்பரையும் உப்புத்தாளையும் மட்டும் பயன்படுத்துவது நல்லது.

வண்டியை மாற்றிக் கட்டும் எண்ணம் அவருக்கே தோன்றியது. மகன் நூலகத்திலிருந்து கொண்டுவந்த போர் வரலாற்று நூலில், மேலே தூக்குப்படுக்கைகளைச் சுமந்து செல்லும் ஜீப்பின் படம் இருந்தது. ஆம்புலன்ஸ் லாரி நுழைய முடியாத மலைப்பாதைகளிலும் சேற்றிலும், பர்மா போர்முனை உட்படப் பல இடங்களில், காயமுற்றோரை ஜீப்பில் ஏற்றியே கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் களப்பட்டறைகளில் இரும்புக் குழாய்களை வளைத்துச் செய்த சட்டங்கள் அவை. படைக்குப் படை அமைப்பு மாறும். இரண்டு படுக்கைகள் பின்புறம் நீண்டிருக்கும். சிலவற்றில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் முன்மூடியின்மேல் இன்னொன்று. படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "இந்த வெயிட்டு எங்க சார் இறங்குது? பாடிலயா, சேசிஸ்லயா?" அந்தக் கேள்விக்கு எங்களில் எவருக்கும் விடை தெரியவில்லை. அவர் முகம் தெளிந்ததை அன்றுதான் கண்டோம். அதுவரை அறையில் தெரிந்தவர்கள் நாங்கள், தெரியாதவர் அவர்.

பெட்டியில் இல்லாத ஒன்றைக் கட்டுவதென்றால் அளவெடுக்க வேண்டும். அமெரிக்கப் படையின் தூக்குப்படுக்கை 90 அங்குல நீளம், ஏறத்தாழ 23 அங்குல அகலம். முப்பத்தைந்தால் வகுத்தால் 65 மில்லிமீட்டர் நீளம், பதினாறரை மில்லிமீட்டர் அகலம். ஜீப்பின் அகலம் இந்த அளவில் 45 மில்லிமீட்டர். இரண்டு படுக்கைகள் பக்கம் பக்கமாக அமர்ந்து இடமும் மிஞ்சும். ஓர் அங்குலக் குழாய்க்கு 0.7 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி. கணக்கை மகன் போட்டான். கம்பியைத் தந்தை வளைத்தார். வளைத்த முதல் ஐந்து சட்டங்களில் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. கட்டைவிரலை விரல்களுக்கு எதிரே கொண்டுவரும் தசை அப்போதுதான் உயிர்பெறத் தொடங்கியிருந்தது. கம்பியை வளைக்க அந்த அசைவே வேண்டும். ஆறாவது சட்டம் நின்றது. படுக்கைத் துணிக்கு அவர் தேர்ந்தது எங்கள் கட்டுப்போடும் அறையில் கிடைத்த காகித ஒட்டுப்பட்டை. வண்ணம் பூசியபின் அச்சு அசல் கித்தான் போலவே இருந்தது.

பித்தளையைப் பிளாஸ்டிக்கோடு இணைக்க வேறு பசை தேவை. பிளாஸ்டிக் துண்டுகளுக்கான பசை உண்மையில் ஒட்டுவதில்லை. இரு பரப்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்குகிறது. உலோகத்தை அது கரைக்காது. அதனால் சயனோஅக்ரிலேட், கடைகளில் சூப்பர் க்ளூ என்று விற்பது. 1942இல் துப்பாக்கியின் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய ஹாரி கூவர் குழுவினர் அதைக் கண்டு, எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறது என்று ஒதுக்கி வைத்தார்கள். பின்னர் வியட்நாம் போரில் குருதிப்பெருக்கை நிறுத்த அதைக் காயத்தில் தெளித்தார்கள். இன்று தோல் காயங்களை மூட மருத்துவமனைகளில் பயன்படுவது அதே குடும்பத்தைச் சேர்ந்த, மருத்துவத் தரமுள்ள பசை. கடைப்பசையைக் காயத்தில் இடாதீர்கள், இரண்டும் ஒன்றல்ல.

பசையையும் வண்ணத்தையும் பற்றி இன்னும் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது. ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள் தின்னர் கலந்த வண்ணங்களையும் தெளிப்பானையும் நாட வேண்டாம். நீரில் கரையும் அக்ரிலிக் வண்ணமும் தூரிகையும் போதும். தேய்ப்பதை நீரில் நனைத்தே செய்யுங்கள். மாற்றத்துக்கென ரெசினில் வார்த்து விற்கும் பாகங்களின் தூள் நுரையீரலுக்குத் தீங்கானது. முகக்கவசமின்றி அதைத் தேய்க்கக் கூடாது. வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டி இயங்கும் அறையில் கரைப்பான் பசையும் மெழுகுவத்தியும் ஒருபோதும் கூடாது. பிளாஸ்டிக் கம்பியைச் சுடரில் காட்டி இழுத்து மெல்லிய இழையாக்கும் பழக்கம் இக்கலையில் உண்டு என்பதால் இதைத் தனியே சொல்கிறோம்.

நடுக்கம் உள்ளவர்களால் முடியுமா என்று கேட்கிறார்கள். நடுக்கத்தின் வகையைப் பொறுத்தது. பார்க்கின்சன் நோயின் நடுக்கம் பெரும்பாலும் கை ஓய்ந்திருக்கும்போது மிகுந்து, வேலையில் ஈடுபடும்போது குறையும். வேறு சில நடுக்கங்கள் நேர்மாறானவை. முயன்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இறுதியில் சின்னத்தைப் பற்றி ஒரு விவாதம் எழுந்தது. பெட்டியில் வெள்ளை நட்சத்திரம்தான் இருந்தது. செஞ்சிலுவையை மகன் வரைந்து கொண்டுவந்தான். போர்க்கள மருத்துவ வண்டியின் மாதிரிக்கு அது பொருத்தமே. ஆனால் அதே சின்னத்தைத் தம் பட்டறையின் முதலுதவிப் பெட்டிமேல் ஒட்டப் போவதாக அவர் சொன்னபோது தடுத்தோம். 1864 ஜெனீவா உடன்படிக்கையிலிருந்து வரும் அந்தச் சின்னம், படைகளின் மருத்துவப் பணிக்கும் செஞ்சிலுவை இயக்கத்துக்கும் உரியது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் சட்டப்படி அனுமதியின்றி மற்றவர் பயன்படுத்தக் கூடாது. மருத்துவர்களாகிய நாங்களும் எங்கள் கார்களில் ஒட்டக் கூடாது. எங்களில் ஒருவர் அன்று மாலையே வண்டிநிறுத்தத்துக்குச் சென்று தம் காரின் கண்ணாடியைச் சுரண்டியதையும் இங்கே பதிவு செய்கிறோம். சின்னம் தாங்கிய வண்டி தாக்குதலில் ஈடுபடக் கூடாது என்பதால், மாதிரியில் இயந்திரத் துப்பாக்கிக்கான தண்டும் பொருத்தப்படவில்லை. அந்த ஓட்டையை அவர் மாவு வைத்து அடைத்துவிட்டார்.

இப்போது சுட்டுவிரலின் நுனியில் தொடுவுணர்வு வந்துவிட்டது, முழுமையாக இல்லை. கண்ணை மூடிக்கொண்டு நாணயத்தையும் சாவியையும் பிரித்துச் சொல்கிறார். ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் இன்னும் தடுமாறுகிறார். பட்டறைக்கு அரைநாள் போய்வருகிறார். சிறிய மரைகளை உதவியாளர் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

மாதிரி செய்ய விரும்புவோர் பெட்டியை வாங்கும் முன் எங்கள் சிகிச்சையாளரிடம் ஒருமுறை பேசுங்கள். கைக்கு எந்த அளவு பொருந்தும், எந்த வேலை துணைவருக்கு, எது உங்களுக்கு என்று பிரித்துத் தருவார். சன்னலில் நிற்கும் ஜீப்பைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். வலப்பக்கப் படுக்கை மட்டும் சற்றுக் கோணலாக இருக்கும். அது ஐந்தாம் மாதத்தில் ஒட்டியது, திருத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்ததாக அவர் கேட்டிருப்பது பிரிட்டிஷ் படையின் ஆஸ்டின் கே2 ஆம்புலன்ஸ். உள்ளே நான்கு படுக்கைகள் அடங்குமாம், ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்.