பாம்புகளின் பெயர் எங்கே?

மார்கழி மாதம். வைகுண்ட ஏகாதசி இரவு. கண் விழிக்க வேண்டும். தூக்கமோ கண்ணைச் சுழற்றுகிறது. என்ன செய்வது?

"அட்டையை விரியுங்கள், பிள்ளைகளா! தாயக்கட்டை எங்கே?" என்பார் பாட்டி.

அவ்வளவுதான், தூக்கம் பறந்துவிடும்! பாம்பு வாயில் விழுந்தவர் தலையில் அடித்துக்கொள்வார். ஏணியில் ஏறியவர் கைகொட்டிச் சிரிப்பார்.

விருதுநகர் மாவட்டம் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோவிலில் அந்தத் திருநாளில் பரமபத வாசல் திறக்கப்படும். கோவிலில் வாசலுக்குப் பெயர் பரமபதம். வீட்டில் விளையாட்டுக்கும் பெயர் பரமபதம்!

விதியே சட்டம்

இது பொழுதுபோக்கு மட்டும்தானா? இல்லை. அந்த அட்டைக்குள் ஓர் உலகமே இருக்கிறது.

பழைய பரமபத அட்டையில் பாம்புகளுக்குப் பெயர் உண்டு. புராணத்தில் வரும் கொடியவர்களின் பெயர்கள் அவை. ஏணிகளோ நற்குணங்கள். உச்சியில் வைகுண்டம். தீமை செய்தால் இறக்கம். நன்மை செய்தால் ஏற்றம். விளையாட்டின் விதி எதுவோ, அதுவே அந்த உலகத்தின் சட்டம்.

வடநாட்டில் இதற்கு 'ஞான சௌபர்' என்று பெயர். 72 கட்டங்கள் கொண்ட அட்டையும் உண்டு. 84 கட்டங்கள் கொண்ட அட்டையும் உண்டு.

சீமைக்குப் போன பாம்பு

19-ம் நூற்றாண்டின் இறுதியில் இந்த விளையாட்டு கப்பல் ஏறி இங்கிலாந்து போயிற்று. அங்கே பெயர்கள் மாறின. சிக்கனம், உழைப்பு ஆகியவை ஏணிகள் ஆயின. சோம்பல் என்ற பாம்பு கடித்தால் வறுமையில் விழ வேண்டியதுதான்!

அட்டை அதேதான். ஆனால் பெயர்கள் மாறியதும் உலகமே மாறிவிட்டது. வைகுண்டம் போய், வெள்ளைக்காரரின் நல்வாழ்வு வந்தது.

பிறகு அந்தப் பெயர்களும் மறைந்தன. இன்று பிள்ளைகள் வாங்கும் பாம்பு ஏணி அட்டையில் பெரும்பாலும் 1 முதல் 100 வரை எண்கள்தான். பாம்பு ஏன் கடிக்கிறது? யாருக்கும் தெரியாது!

நனைந்த திரி எரியுமா?

உலகத்தைத் தொலைத்த விளையாட்டு ஒன்று. உலகத்தைத் தேடிய விளையாட்டு இன்னொன்று. அது பிறந்தது அமெரிக்காவில்.

1974-ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். மேஜையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி. நடுவராக இருப்பவர் கதையை நடத்துவார். இங்கே காயை உருட்டி மட்டும் நகர்வதில்லை. என்ன செய்வது என்று ஆடுகிறவரே முடிவு செய்வார்.

இதில் ஒரு சாரார் பிடிவாதக்காரர்கள். "அந்த உலகத்தில் அது உண்மையில் நடக்குமா?" என்பதே அவர்களுடைய கேள்வி.

சிவகாசிக்காரர் ஒருவர் அந்த மேஜையில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கதையில் அடைமழை. வீரன் வெடியைப் பற்றவைக்கப் போகிறான். சிவகாசிக்காரர் சும்மா இருப்பாரா?

"திரி நனைந்துபோச்சே ஐயா! மருந்து எப்படிப் பற்றும்?" என்று கேட்டுவிடுவார். வறண்ட வானத்தை நம்பித் தொழில் செய்யும் ஊர் அல்லவா!

அவர் சொல்வதே சரி. கதைக்கு வசதி என்று நனைந்த மருந்து வெடித்தால், அந்த உலகத்தை அப்புறம் யார் நம்புவார்கள்?

எம்.ஏ.ஆர். பார்க்கர் என்ற பேராசிரியர் இன்னும் ஒரு படி மேலே போனார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தெற்காசிய மொழிகளைக் கற்பித்தவர் அவர். 'டெக்குமெல்' என்ற கற்பனை உலகத்தைப் படைத்து, அதன் மக்களுக்கு இலக்கணத்தோடு ஒரு மொழியையும் உண்டாக்கினார். 1975-ல் அந்த உலகம் விளையாட்டாக வெளிவந்தது.

கொஞ்சம் மை போதும்

பல்கலைக்கழகப் பேராசிரியர் பாடுபட்டுச் செய்ததை, நம் பாட்டிமார் ஒரு அட்டையில் சுருட்டி அலமாரியில் வைத்திருந்தார்கள்!

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சிவகாசி சுமார் 20 கிலோமீட்டர். நாடெங்கும் காலண்டர் அனுப்பும் அச்சகங்கள் நிறைந்த ஊர். பாம்பின் முதுகில் ஒரு பெயரை அச்சிட எவ்வளவு மை செலவாகிவிடும்?

பெயர் இருந்தால் பிள்ளை கேட்கும்: "பாட்டி, இவன் யார்? என்ன தப்பு செய்தான்?"

அந்தக் கேள்வி பிறந்தால் போதும். அட்டைக்குள் உலகம் மறுபடியும் சுழலத் தொடங்கிவிடும்!