கேபிளின் கவசம் தோற்கும் இடம்

1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, அதன் மின்சாரம் கோவைக்கு வந்து சேர்ந்த பின் இங்கே நூற்பாலைகள் பெருகின. அன்றைய ஆலையில் கேபிளின் வேலை மின்சாரத்தை மோட்டாரிடம் கொண்டு சேர்ப்பதோடு முடிந்துவிட்டது. இன்றைய ஆலையிலோ, மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ் என்னும் மின்னணுக் கருவியிலிருந்து புறப்படும் கேபிளும், நூலின் பருமனை அளக்கும் சென்சாரின் மெல்லிய கம்பியும், உற்பத்திக் கணக்கைக் கணினிக்கு அனுப்பும் தகவல் கேபிளும் பல இடங்களில் ஒரே டிரேயில் ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்றின் இரைச்சல் இன்னொன்றுக்குள் புகாதபடி, காப்புப் பூச்சுக்கு மேல் சுற்றப்படும் உலோக உறைதான் கவசம். ஆலைகளில் அதை ஷீல்டு என்பார்கள்.

இரைச்சல் பிறக்கும் இடம் டிரைவ். அது மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி, பிறகு அதை நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி, விரும்பிய வேகத்துக்கான அலையை உருவாக்குகிறது. ஒவ்வொரு வெட்டிலும் கேபிளின் மின்னழுத்தம் ஏறத்தாழ 560 வோல்ட் அளவுக்கு, ஒரு மைக்ரோநொடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் எகிறக்கூடும். இவ்வளவு திடீரென்று எகிறும் அலையில் பல மெகாஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்கள் கலந்திருக்கும். மறுபுறம், நூலின் தடிமனை மின்தேக்குத் திறனைக் கொண்டு அளக்கும் சென்சாரில், இரு தகடுகளுக்கிடையே நூல் ஓடும்போது ஏற்படும் மிக நுண்ணிய மாற்றமே அளவீடாக வாசிக்கப்படுகிறது. அந்தச் சமிக்ஞையோடு டிரைவின் இரைச்சல் கலந்துவிட்டால், குறையில்லாத நூலிலும் குறை இருப்பதாகக் கருவி முடிவு செய்ய இடமுண்டு.

கவசங்களில் எளியது படலக் கவசம். பாலியெஸ்டர் நாடாவில் ஒட்டிய அலுமினியப் படலம் கம்பிகளை முழுவதுமாகச் சுற்றியிருக்க, அதைத் தொட்டபடி, மண்ணிணைப்புக்காக வடிகம்பி எனப்படும் வெற்றுக் கம்பி ஒன்று உடன் ஓடும். இடைவெளியே இல்லாததால் உயர் அதிர்வெண்ணை நன்றாகத் தடுக்கிறது. ஆனால் அடிக்கடி வளையும் கேபிளில் படலம் கிழிந்துவிடும். பின்னல் கவசம் மெல்லிய செப்பு இழைகளால் ஆனது, வளைவைத் தாங்கும், மின்தடையும் குறைவு. இழைகளின் நெருக்கம் குறைந்த துணியில் வெளிச்சம் ஊடுருவுவதைப் போல, பின்னலின் இடைவெளிகள் வழியே இரைச்சல் நுழையும் என்பதால், கம்பியின் பரப்பில் எத்தனை விழுக்காட்டைப் பின்னல் மூடுகிறது என்பதே அதன் தரத்தின் முக்கிய அளவுகோல். இரண்டின் நன்மையையும் வேண்டுவோர் படலத்தின் மேல் பின்னலும் உள்ள கேபிளைத் தேர்வு செய்கிறார்கள்.

ஆனால் இவை எதுவும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் காந்தப்புலத்தைப் பெரிதாகத் தடுப்பதில்லை. அந்த அதிர்வெண்ணில் செம்புக்குள் புலம் சுமார் 9 மில்லிமீட்டர் ஊடுருவிய பின்னரே மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைகிறது. கவசத்தின் கனமோ ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. அங்கே உதவுவது, அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்ற முறுக்கிய இணைக் கம்பியும், மின் கேபிளுக்கும் சமிக்ஞைக் கேபிளுக்கும் இடையே விடும் தூரமும்தான்.

கவசத்தால் தீராத சிக்கல் ஒன்று கொங்கு நாட்டுத் தோட்டங்களிலும் உண்டு. ஆயிரம் அடியைத் தாண்டும் ஆழ்துளைக் கிணறுகளில் நீர்மூழ்கி மோட்டாரை டிரைவ் கொண்டு இயக்கும்போது, நீண்ட கேபிள் வழியே செல்லும் மின்னழுத்தத் துடிப்பு மோட்டார் முனையில் பட்டு எதிரொலித்து, ஏறத்தாழ இரு மடங்காகிச் சுருளின் காப்பைத் தாக்கக்கூடும். இதற்கு உரிய மருந்து டிரைவின் வெளியீட்டில் பொருத்தும் வடிகட்டி. எத்தனை நல்ல கவசமும் இதை நிறுத்தாது.

உயர் அழுத்தக் கேபிளில் கவசத்தின் வேலையே வேறு. அங்கே அது இரைச்சலைத் தடுப்பதற்கு அல்ல, காப்புக்குள் மின்புலத்தைச் சீராகப் பரப்புவதற்கு. மார்ட்டின் ஹோக்‌ஷ்டாட்டர் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்ட வழி இது. 2021-இல் தொடங்கிவைக்கப்பட்ட புகளூர்–திருச்சூர் 320 கிலோவோல்ட் நேர்மின்சாரப் பாதையில், கேரளத்தில் நிலத்தடியில் செல்லும் கேபிளிலும் இதே தத்துவந்தான் இயங்குகிறது.

ஆலைகளில் பரவலாக நிலவும் குழப்பம் ஆர்மர்டு கேபிளைப் பற்றியது. அதன் மேலுள்ள எஃகுக் கம்பிகள் மண்வெட்டி, எலி, அழுத்தம் போன்றவற்றிலிருந்து கேபிளைக் காப்பதற்கானவை. அவை ஓரளவு மறைப்புத் தந்தாலும், செம்பைக் காட்டிலும் எஃகின் மின்தடை அதிகம் என்பதாலும், கம்பிகள் ஒன்றோடொன்று உறுதியாகத் தொடுவதில்லை என்பதாலும், டிரைவுக்குரிய செப்புக் கவசத்துக்கு அதை ஈடாகக் கொள்வது சரியன்று.

கேபிள் சரியாக அமைந்தாலும் கவசம் பெரும்பாலும் தோற்பது அதன் முனையில்தான். பின்னலை முறுக்கி வால் போலாக்கி, பேனலில் ஒரு போல்ட்டில் மாட்டும் வழக்கம் பரவலாக உள்ளது. ஐந்து சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த வாலின் மின்தூண்டல் தோராயமாக 50 நானோஹென்றி. 10 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 3 ஓம் எதிர்ப்பாக மாறிவிடுகிறது. நல்ல பின்னல் கவசம் ஒரு மீட்டர் நீளத்தில் கசியவிடும் இரைச்சலுக்கான எதிர்ப்பை மில்லிஓமில் அளக்கிறோம் என்பதோடு ஒப்பிட்டால், வாலால் ஏற்படும் கேடு எவ்வளவு பெரிது என்பது விளங்கும். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் எர்த் இணைப்பு சரியாக இருப்பதாகவே காட்டும், ஏனெனில் அந்தக் கருவி சோதிப்பது நேர்மின்சாரத்தை.

எர்த் எத்தனை முனையில் கொடுப்பது என்பதிலும் ஒரே விதி இல்லை. வெப்பநிலை உணரி போன்ற மெதுவான சமிக்ஞைக்கு ஒரு முனையில் மட்டும் கொடுத்தால், இரு எர்த்களுக்கிடையே சுற்றோட்டம் ஓடாது. டிரைவிலிருந்து மோட்டாருக்குச் செல்லும் கேபிளுக்கோ இரு முனைகளிலும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் உயர் அதிர்வெண் மின்னோட்டம் திரும்பி வர, மோட்டாரின் பேரிங் வழியாகவும் பாதை தேடி, நாளடைவில் அதைக் குழிவிழச் செய்யும். இரு முனைகளிலும் பின்னலை அதன் முழுச் சுற்றளவிலும் கவ்விப் பிடிக்கும் உலோக கிளாண்டை மாட்டி, அது அமரும் இடத்தில் பேனலின் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தின் மேல் இறுக்க வேண்டும்.