வாயு நிறைத்த அதிர்வடக்கி

பண்ணைத் தாம்போதி வழியாகத் தீவகத்துக்குச் செல்லும் மோட்டார்ச் சைக்கிளின் சக்கரம் பள்ளத்தில் விழுந்தெழும்போது, அதன் வில் சுருங்கிச் சத்தியைச் சேமிக்கின்றது. அச்சத்தியைச் செலவிட ஒன்று இல்லையேல் வண்டி மேலுங் கீழுமாக அலைந்துகொண்டே இருக்கும். சக்கரம் நிலத்தைவிட்டு எழ, தடுப்பும் திருப்பமும் பயன்படாமற்போம். இவ்வலைவைத் தணிக்கும் கருவியே மக்கள் ‘சொக்’ என வழங்கும் அதிர்வடக்கி.

இதன் உருளையுள் எண்ணெய் உண்டு. முசலம் அசையும்போது எண்ணெய் நுண்துளைகளினூடாக நெருக்குண்டு செல்ல, அசைவின் சத்தி வெப்பமாக மாறுகின்றது. ஆயின் முசலம் விரைந்தோடும்போது அதன் பின்னே அமுக்கம் குறைந்து எண்ணெயிற் குமிழிகள் தோன்றும். நுரைத்த எண்ணெய் தடைசெய்யும் ஆற்றலை இழக்கும். இக்குறையை நீக்க, பிரெஞ்சு அறிஞர் த கார்போன், மிகுந்த அமுக்கமுள்ள வாயுவை மிதக்கும் முசலமொன்றால் எண்ணெயினின்றும் பிரித்துவைத்தார். 1957இல் ஜெர்மனியின் பில்ஸ்ரைன் நிறுவனம் அம்முறையை மெர்சிடிஸ்-பென்ஸ் கார்களுக்காகப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிற்று. எண்ணெயோடு எளிதிற் சேராத நைதரசனே இதற்கு உகந்த வாயு.

குடாநாட்டிற் பலர் ஓட்டும் பஜாஜ் பல்சர் வகைகள் சிலவற்றின் பின்புறத்தில் இத்தகைய அதிர்வடக்கிகள் உள. அவற்றின் ஐந்து படிவளையம் வில்லின் தொடக்க இறுக்கத்தை மட்டுமே மாற்றும். எண்ணெயின் தடையை மாற்றாது. விலையுயர்ந்த சிலவற்றில் மட்டும் எண்ணெய் வழியை ஒடுக்கும் திருகு தனியே அமைந்திருக்கும். ஆகவே, எண்ணெய் கசிந்த அதிர்வடக்கிக்கு வளையத்தை இறுக்குவது மருந்தாகாது. வண்டி உயர்ந்து நிற்குமேயன்றி அலைவு அடங்காது. பின்னால் ஒருவரை ஏற்றும்போது வளையத்தை உயர்த்துதலும், இறக்கியபின் தாழ்த்துதலும் முறை. இருபுறமும் ஒரே படியில் இருத்தல் வேண்டும்.

உப்புக்காற்றும் மணலும் இதற்குப் பகை. தண்டிலே துருக்குழி விழுந்தால் அது எண்ணெய் அடைப்பைக் கீறிவிடும். நன்னீராற் கழுவித் துடைத்தலே காப்பு. இருக்கையை அழுத்திவிடுக. ஒருமுறை எழுந்து அமைந்தால் நலம்; பலமுறை ஆடினால் இரண்டையும் மாற்றுக. வாயுக் கலத்தைத் துளைத்தலும் சூடாக்கலும் உயிருக்கு இடர் தருவன.

வில் தாங்குகின்றது, எண்ணெய் அடக்குகின்றது, வாயு எண்ணெயைக் காக்கின்றது. எது எத்தொழிலைச் செய்கின்றதென அறிந்தவனே பழுதை அதன் இடத்திற் காண்பான்.