அகன்ற காட்சியும் கூர்மையான வில்லையும்

நெடுந்தீவின் ஒழுங்கைகளில் நடப்போரின் கண்ணை முதலிற் கவர்வன பவளக்கல் வேலிகளாகும். சாந்து ஏதுமின்றிக் கல்லின்மேற் கல்லாக அடுக்கப்பட்ட இவ்வேலிகளின் ஒவ்வொரு கல்லிலும், ஒரு காலத்திற் கடலடியில் வாழ்ந்த பவள உயிர்களின் சிறு கூடுகள் பொறித்தாற்போலத் தெரியும். வேலி முழுவதையும், கல்லின் நுண்ணிய வடிவம் கெடாமல், ஒரே படத்தில் எடுக்க விரும்புபவர் ஓர் இடர்ப்பாட்டை எதிர்நோக்குகின்றார். ஒழுங்கை ஒடுக்கமானது, பின்னே நகர்ந்தால் மறுபக்க வேலி முதுகில் முட்டும். இந்நிலையிற் கைகொடுப்பது அகல்கோண வில்லையே.

இது வெறும் பொழுதுபோக்கினரின் கவலையன்று. 1990ஆம் ஆண்டுக்குப் பின் போரினால் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். கூரையிழந்த கல்வீடுகளும் சரிந்த மதில்களும் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் புங்குடுதீவிலும் பல. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, படியெடுக்கப்படாத ஏட்டுச்சுவடிகள் மீளவழியின்றி அழிந்தன. படியின்றி அழிந்த பொருள் இரு முறை அழிந்ததாகும். இன்று எடுக்கப்படும் படம், நாளை ஒரு வீட்டின் ஒரே சான்றாக எஞ்சலாம். ஆகவே, அப்படம் எவ்வளவு கூர்மையானது என்ற வினா பொருளுடையது.

முதலில் அளவைக் காண்க. 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமுமுள்ள ஒளியுணர் பரப்பைக் கொண்ட கமெராவில், 50 மில்லிமீற்றர் குவியத்தூர வில்லையைப் பொருத்தி நான்கு மீற்றர் தொலைவில் நின்றால், வேலியின் ஏறத்தாழ மூன்று மீற்றரே படத்தில் அடங்கும். 24 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்தினால் ஆறு மீற்றர் அடங்கும். 2012ஆம் ஆண்டில் வந்த நிக்கோன் டி800 கமெரா 36 மெகாபிக்சல் கொண்டது. 2019ஆம் ஆண்டிற் சொனி நிறுவனம் 61 மெகாபிக்சல் கமெராவை வெளியிட்டது. பின்னதன் படம் அகலவாட்டில் 9,504 பிக்சல்களைக் கொண்டது. எனவே ஆறு மீற்றர் வேலியில் ஒவ்வொரு பிக்சலும் 0.63 மில்லிமீற்றரைப் பதிவுசெய்யும். பவளக் கூட்டின் சிறு குழிகளும் அதில் அகப்படும். ஆனால், வில்லை ஒரு புள்ளியை மூன்று நான்கு பிக்சல்களுக்கு மேலாகப் பரப்பிவிடுமாயின் அந்நுணுக்கம் கரைந்துவிடும். கமெரா எவ்வளவு சிறந்ததாயினும், வில்லை தருவதைவிட அதிகமாக அது பெறமுடியாது.

அகல்கோண வில்லையிற் குறை நேர்வதற்குக் காரணம் உண்டு. படத்தின் நடுவுக்கு வரும் ஒளி நேராக வருகின்றது. மூலைக்கு வரும் ஒளியோ மிகச் சாய்வாக வருகின்றது. 24 மில்லிமீற்றர் வில்லையில் அச்சாய்வு ஏறத்தாழ 42 பாகையாகும். எளிய வில்லையொன்றில், கோட்பாட்டின்படி, மூலையை அடையும் வெளிச்சம் நடுவில் உள்ளதன் மூன்றிலொரு பங்கினும் குறைவு. மேலும், கண்ணாடி வெவ்வேறு நிறங்களை வெவ்வேறளவில் முறிக்கின்றது. வெண்ணிற வானத்தின் முன் நிற்கும் பனையோலையின் விளிம்பில் ஊதாவும் பச்சையுமான கரை தோன்றுமாயின், அது இக்குறையின் அடையாளமாகும்.

ஆடி பொருத்திய பழைய கமெராக்களிற் பிறிதோர் இக்கட்டும் இருந்தது. ஆடி மேலெழ இடம் வேண்டியிருந்தமையால், குறுகிய குவியத்தூர வில்லையைப் பிலிமுக்கு அருகில் வைக்க இயலாதிருந்தது. 1950ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டின் பியர் ஆஞ்செனியூ வெளியிட்ட வில்லை, முன்னே ஒளியை விரிக்கும் கண்ணாடியையும் பின்னே குவிக்கும் கண்ணாடியையும் கொண்டு இதனைத் தீர்த்தது. அவ்வழியே பின்னர் பலரும் சென்றனர். ஆடியற்ற இன்றைய கமெராக்களில் அத்தடை நீங்கியமையால், வில்லை அமைப்போருக்குக் கூடுதல் உரிமை கிடைத்துள்ளது.

வில்லையை வாங்குமுன் சோதிப்பது எளிது. காற்று அடங்கிய காலைவேளையில், கானல் எழுவதற்கு முன்னர், குறிகட்டுவான் துறை போன்ற வெட்டவெளியில் முக்காலியின்மேற் கமெராவை நிறுத்துக. தொலைவிலுள்ள ஒரு கோபுரத்தையோ கம்பத்தையோ படத்தின் நடுவில் வைத்துக் கூர்மைப்படுத்தி ஒரு படம் எடுக்க. பின்பு, கூர்மையை மாற்றாது, அதே பொருளை நான்கு மூலைகளிலும் முறையே வைத்து எடுக்க. நான்கு மூலைகளும் ஒத்திருப்பின் நன்று. ஒரு மூலை மட்டும் மங்கினால், வில்லையின் கண்ணாடிகளுள் ஒன்று மையம் விலகியிருத்தல் கூடும். அவ்வில்லையை மாற்றிக் கேட்பதே முறை. நான்கும் ஒருசேர மங்கினால், மூலையிலேயே மீண்டும் கூர்மைப்படுத்திப் பார்க்க. அப்போது தெளிவுபெறின் அது குவியப் பரப்பின் வளைவு. பெறாவிடின் வில்லையின் இயல்பான குறை.

துவாரத்தின் அளவும் முக்கியமானது. துவாரத்தை முழுதும் திறந்தால் வில்லையின் குறைகள் வெளிப்படும். மிகச் சுருக்கினால், ஒளி அலையாதலின் விளிம்பிற்பட்டுப் பரவும். இதனைப் பௌதிகவியலார் கோணல் என்பர். பச்சை ஒளிக்கு, துவார எண் 5.6 ஆகும்போது ஒரு புள்ளியின் பரவல் ஏறத்தாழ 7.5 மைக்குரோமீற்றர், 16 ஆகும்போது 21 மைக்குரோமீற்றர். மேற்கூறிய 61 மெகாபிக்சல் கமெராவில் ஒரு பிக்சலின் அகலமோ 3.8 மைக்குரோமீற்றரே. ஆகவே 5.6க்கும் 8க்கும் இடையே பெரும்பாலான வில்லைகள் தம் சிறப்பைக் காட்டும். பகலிற் கட்டடங்களை எடுப்பவருக்கு 1.4 துவாரமுள்ள விலையுயர்ந்த வில்லை தேவையில்லை, 2.8 அல்லது 4 துவாரமுள்ளதே போதும்.

பழைய கூர்மைத்தூர அட்டவணைகளும் இங்கு ஏமாற்றும். அவை 0.03 மில்லிமீற்றர் மங்கலை ஏற்றுக் கணிக்கப்பட்டவை. அவற்றின்படி 24 மில்லிமீற்றர் வில்லையை 8 என்ற துவாரத்தில் 2.4 மீற்றருக்குக் கூர்மைப்படுத்தினால், 1.2 மீற்றர் முதல் அடிவானம்வரை தெளிவாகும். மங்கலை 0.01 மில்லிமீற்றராகக் கட்டுப்படுத்தினாலோ, 7.2 மீற்றருக்குக் கூர்மைப்படுத்தல் வேண்டும், தெளிவும் 3.6 மீற்றரிலிருந்தே தொடங்கும்.

அகன்ற வில்லை எல்லா இடத்துக்கும் ஏற்றதன்று. ஊர்காவற்றுறைக் கரையில் நின்று, போர்த்துக்கேயர் கட்டி 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றிய கடற்கோட்டையை அதனால் எடுத்தால், கடலும் வானும் விரிந்து கோட்டை சிறு கோடாகிவிடும். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் கோபுரத்தை அருகே நின்று, கமெராவை அண்ணாத்தி எடுத்தால், கோபுரம் பின்னே சாய்ந்தாற்போலத் தோன்றும். அது வில்லையின் குற்றமன்று. நிற்கும் இடத்தின் விளைவு. கமெராவை மட்டமாக வைத்து, வேண்டாத தரைப்பகுதியைப் பின்னர் வெட்டிவிடலாம். வெட்டிய பின்னும் படம் தெளிவாக எஞ்சுவது உயர்ந்த பிக்சல் எண்ணிக்கையின் நற்பயனாகும்.

இறுதியாக, உப்புக்காற்று எந்த வில்லையையும் விட்டுவைப்பதில்லை. படகிற் செல்லும்போது மூடி வைத்தலும், கரையேறியபின் தூசியை ஊதி அகற்றிய பின்னரே மெல்லிய துணியால் துடைத்தலும் நன்று. நல்ல வில்லை என்பது விலையால் உயர்ந்தது மட்டுமன்று. நான்கு மூலையும் சோதித்து, அதன் இயல்பறிந்து கையாளப்படுவது. அத்தகைய வில்லையால் எடுக்கப்பட்ட படத்தில், தொலைநாட்டில் வாழும் பேரன் ஒருவன் தன் பாட்டனாரின் மதிலைக் கல் கல்லாக எண்ணிப் பார்க்கலாம்.