லேப்ரடாரா, ராஜபாளையமா? உங்கள் வீட்டுக்கு எது பொருந்தும்

வீட்டில் நாய் வளர்க்கலாம் என்று முடிவாகிவிட்டது. பிள்ளைகள் லேப்ரடார் கேட்கிறார்கள். நம்ம ஊர் ராஜபாளையம் இருக்கும்போது வெளிநாட்டு நாய் எதற்கு என்கிறார் தாத்தா. இரண்டுமே நல்ல நாய்கள்தான். ஆனால் ஒரு வீட்டில் செல்லமாக வளரும் நாய் இன்னொரு வீட்டில் பெரும் தொல்லையாகிவிடும். அதனால் எது உயர்ந்த இனம் என்று கேட்பதை விட, எது உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் என்று பார்ப்பதே நல்லது.

இனத்தைப் பார்த்தால் நாயின் குணம் தெரிந்துவிடுமா?

முழுவதும் தெரியாது. வளர்ப்புக்கும் அதில் பெரிய பங்கு உண்டு. ஆனாலும் ஒவ்வொரு இனத்தையும் மனிதர்கள் ஏதோ ஒரு வேலைக்காகத்தான் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வளர்த்தார்கள். அந்த வேலை இன்று இல்லாமல் போனாலும் அதற்கான குணம் நாயிடம் இருக்கிறது. அது என்ன வேலை என்று தெரிந்துகொண்டால் உங்களுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

லேப்ரடார் என்ன வேலைக்கு வளர்க்கப்பட்டது?

இதன் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து தீவில் மீனவர்களோடு வேலை செய்த நாய்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவை பிரிட்டனுக்குப் போயின. வேட்டைக்காரர் சுட்டு வீழ்த்தும் வாத்தை நீரில் நீந்திப் போய், பல் படாமல் கவ்விக் கொண்டுவர அங்கே பழக்கினார்கள். 1903-ல் பிரிட்டனின் கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது.

எப்போதும் ஒரு மனிதரின் சொல் கேட்டு, அவர் பக்கத்திலேயே இருந்து செய்கிற வேலை அது. அதனால்தான் லேப்ரடார் எவரோடும் ஒட்டிக்கொள்கிறது, சொன்னதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறது. கையில் கிடைக்கும் செருப்பு, சாக்ஸ், தலையணை எல்லாவற்றையும் கவ்விக்கொண்டு வருவதும் அதனால்தான். தனியாக விடப்படுவதை மட்டும் அது தாங்காது.

ராஜபாளையம்?

விருதுநகர் மாவட்டத்து ராஜபாளையம் ஊரின் பெயரையே கொண்ட இனம். பால் வெள்ளை உடல், ரோஸ் நிற மூக்கு, நீண்ட கால், ஒட்டிய வயிறு. பாளையக்காரர்களும் ஜமீன்தார்களும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வீடு, தோட்டக் காவலுக்கும் இதை வளர்த்தார்கள். 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது, அதில் ராஜபாளையமும் இடம்பெற்றது.

இதன் வேலை வேகமாகத் துரத்துவதும் அந்நியரை உள்ளே விடாமல் நிற்பதும். எனவே இது தன் வீட்டாரிடம், குறிப்பாக ஒருவரிடம், உயிராக இருக்கும். மற்றவர்கள் தொடுவதை விரும்பாது. ஓடும் பூனை, கோழி, ஆட்டுக்குட்டி எதைக் கண்டாலும் துரத்தத் தோன்றும்.

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு எது?

பொதுவாக லேப்ரடார். குழந்தைகளின் சத்தத்தையும் இழுபறியையும் பொறுத்துப்போகும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தாலும் வாலாட்டும்.

அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒரு வயதிலேயே லேப்ரடார் பெரிய நாயாகிவிடும். வளர்ந்த ஆண் நாய் 29 முதல் 36 கிலோ வரை இருக்கும். அது ஆசையோடு பாய்ந்தாலே மூன்று வயதுக் குழந்தையும் வயதான பாட்டியும் கீழே விழுவார்கள். பல் முளைக்கும் மாதங்களில் கையையும் பாவாடையையும் கடித்து விளையாடும். மேலே தாவக் கூடாது என்று குட்டியிலேயே பழக்க வேண்டும்.

ராஜபாளையமும் தன் வீட்டுக் குழந்தைகளோடு அன்பாகத்தான் இருக்கும். தயக்கம் வெளியிலிருந்து வரும் குழந்தைகளைப் பற்றித்தான். டியூஷனுக்குப் பிள்ளைகள் வந்து போகும் வீடு, உறவினர் கூட்டம் ஓயாத வீடு என்றால் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எந்த இனமாக இருந்தாலும் சிறு குழந்தையையும் நாயையும் பெரியவர் இல்லாமல் தனியே விடாதீர்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடக் கூடாது என்று குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

காவலுக்கு எது?

காவல்தான் முக்கியம் என்றால் ராஜபாளையம். லேப்ரடார் குரைத்து ஆள் வந்ததைச் சொல்லும், ஆனால் அடுத்த நிமிடமே வந்தவரிடம் கொஞ்சப் போய்விடும்.

ராஜபாளையத்தின் காவலுக்கு நீங்களும் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும். பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், கூரியர் பையன் என ஒவ்வொருவர் வரும்போதும் ஒருவர் எழுந்துபோய் நாயைப் பிடிக்க வேண்டும். கேட் எப்போதும் பூட்டியிருக்க வேண்டும். குட்டி இரண்டு மாதத்தில் வீட்டுக்கு வந்ததிலிருந்தே பலவகை மனிதர்களையும் சத்தங்களையும் அதற்குப் பழக்குங்கள். கடிக்கட்டும் என்று சங்கிலியில் கட்டி முரடாக வளர்த்த நாய் காவல் நாயாகாது. அது வீட்டாருக்கே ஆபத்து.

எங்களுடையது அடுக்குமாடி வீடு. என்ன செய்யலாம்?

ராஜபாளையம் வேண்டாம். தோள் வரை 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரம் நிற்கும் ஓட்டக்கார நாய் அது. லிஃப்ட்டிலும் படிக்கட்டிலும் அந்நியர்களை உரசிப் போகும் வாழ்க்கை அதற்கும் கஷ்டம், அண்டை வீட்டாருக்கும் கஷ்டம். சுற்றுச்சுவர் உள்ள தனி வீடும், ஓட இடமும் வேண்டும்.

லேப்ரடாரை ஃபிளாட்டில் வளர்க்கலாம், ஆனால் காலையும் மாலையும் தவறாமல் வெளியே கூட்டிப்போக வேண்டும். நாய் வளர்க்கவே கூடாது என்று குடியிருப்போர் சங்கங்கள் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

நம் வெயிலை எது தாங்கும்?

ராஜபாளையம் தாங்கும். ஒல்லியான உடல், குட்டை முடி. ஆனால் வெள்ளை முடிக்குக் கீழே இருப்பது வெளிறிய தோல். உச்சி வெயிலில் கட்டிப்போட்டால் தோல் புண்ணாகும். நிழல் அவசியம்.

லேப்ரடாருக்கு இரட்டை முடி (மேலே சொரசொரப்பான முடி, அடியில் பஞ்சு போன்ற முடி) உண்டு. குளிர்ந்த நீரில் நீந்துவதற்காக அமைந்த அந்தப் போர்வையோடு அது நம் மே மாதத்தைக் கடக்க வேண்டும். நம்மைப் போல் உடல் முழுக்க வியர்த்து நாயால் சூட்டைத் தணிக்க முடியாது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதுதான் அதன் முக்கியமான வழி. எனவே வெயில் ஏறுமுன் நடை, பகலில் மின்விசிறியும் குளிர்ந்த தரையும், எப்போதும் தண்ணீர். சாலை சுடுகிறதா என்று பார்க்கப் புறங்கையைத் தாரில் ஐந்து விநாடி வையுங்கள். உங்களால் முடியவில்லை என்றால் நாயின் பாதமும் தாங்காது.

மூச்சிரைப்பு நிற்காமல், ஈறு கடும் சிவப்பாகி, நாய் தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு (உடல் சூடு கட்டுமீறிப் போவது). உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலில் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

முடி உதிர்வும் லேப்ரடாருக்கு அதிகம். தினமும் சீவிவிட வேண்டும். சோபாவிலும் துணியிலும் முடி ஒட்டியிருக்கும் என்பதை ஏற்றுக்கொண்டால்தான் அதை வளர்க்க முடியும்.

சாப்பாட்டில் என்ன வித்தியாசம்?

லேப்ரடாருக்குப் பசி அடங்கவே அடங்காது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-ல் இதற்கான ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு லேப்ரடாருக்கு, பசியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் (பெற்றோரிடமிருந்து வரும் உடற்குறிப்பு) ஒரு பகுதி இல்லை. அந்த நாய்கள் சாப்பாட்டின் மேல் கூடுதல் ஆசையோடு இருந்தன, எடையும் கூடியிருந்தன.

அப்படியானால் கேட்கும்போதெல்லாம் கொடுக்கலாமா? கூடாது. 48 லேப்ரடார்களை வாழ்நாள் முழுக்கக் கவனித்த ஓர் ஆய்வில், கால் பங்கு குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் மற்றவற்றை விடச் சராசரியாக இரண்டு ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான காலம் கூடுதலாக வாழ்ந்தன. அதன் பார்வைக்கு இரங்கி ஆளுக்கு ஒரு பிஸ்கட் போடும் வீட்டில் அதன் ஆயுள் குறைகிறது.

எடை சரியா என்று வீட்டிலேயே பார்க்கலாம். நாயின் விலாவில் உள்ளங்கையை வைத்து லேசாகத் தடவுங்கள். எலும்புகள் ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். அழுத்தினால்தான் தெரிகிறது என்றால் எடை கூடிவிட்டது.

ராஜபாளையம் இயல்பிலேயே ஒல்லி. விலா தெரிகிறதே என்று பயந்து சோற்றைக் கூட்ட வேண்டாம்.

இரண்டுக்குமே சாக்லேட், திராட்சை, வெங்காயம், பூண்டு, வேகவைத்த எலும்பு ஆகியவை கூடாது.

எந்த நோய்களுக்குப் பயப்பட வேண்டும்?

லேப்ரடாருக்கு ஹிப் டிஸ்ப்ளேசியா (இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளர்வது). பெற்றோரிடமிருந்து வருவது, எடை கூடினால் மோசமாவது. குட்டியை வழவழப்பான டைல்ஸ் தரையில் சறுக்கி ஓடவிடாதீர்கள். தொங்கும் காதுக்குள் ஈரம் தங்கிச் சீழ் பிடிப்பதும் வழக்கம். குளித்ததும் காதைத் துடைத்துவிடுங்கள்.

ராஜபாளையத்தில் கவனிக்க வேண்டியது பிறவிச் செவிடு. வெள்ளை நிறத்துக்கும் காதுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். உடலுக்கு நிறம் தரும் செல்கள்தான் உட்காதையும் நலமாக வைத்திருக்கின்றன. அவை அங்கே இல்லாமல் போனால், குட்டி பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். எல்லா வெள்ளைக் குட்டிக்கும் இப்படி ஆவதில்லை, ஆனால் வாங்குமுன் சோதித்தே ஆக வேண்டும்.

எப்படிச் சோதிப்பது? குட்டியை மற்ற குட்டிகளிடமிருந்து பிரித்துத் தனியே வையுங்கள். கூட்டத்தோடு இருந்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்து இதுவும் திரும்பிவிடும். அது வேறு எதையோ பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கைதட்டினால் காற்று பட்டுத் திரும்பலாம், தரையில் தட்டினால் அதிர்வு தெரியும். சாவிச் சத்தத்துக்குக் காது அசைகிறதா, தலை திரும்புகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று முறை செய்யுங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டியை இப்படிக் கண்டுபிடிப்பது கடினம், அதற்கு மருத்துவரின் சோதனை வேண்டும்.

தினமும் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

இரண்டு இனத்துக்குமே காலையும் மாலையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வேண்டும். லேப்ரடாருக்கு நடை, பந்து எறிந்து விளையாட்டு, உங்கள் பேச்சு. ராஜபாளையத்துக்கு வேலியிட்ட இடத்தில் நன்றாக ஓட்டம். பயிற்சியும் வேறு மாதிரி. லேப்ரடார் ஒரு துண்டு கோழிக்கறிக்காக எதையும் கற்கும். ராஜபாளையம் தன் எஜமான் என்று ஏற்றுக்கொண்டவரிடம்தான் கற்கும், அடித்தால் விலகிப்போகும். அந்தப் பொறுமையும் கொஞ்சம் அனுபவமும் உள்ளவர் வீட்டில் இருக்க வேண்டும்.

குட்டியை எங்கே, எப்படி வாங்குவது?

2017-ல் வந்த மத்திய அரசின் விதிகளின்படி, நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. ஒரு மாதக் குட்டியை நீட்டினால் வாங்காமல் திரும்பிவிடுங்கள். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைத் தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் அது கற்றுக்கொள்வது அந்த வயதில்தான்.

தாய் நாயை நேரில் பாருங்கள். அது பயந்து ஒடுங்கினாலோ, காரணமின்றிச் சீறினாலோ குட்டியும் அப்படி ஆகக்கூடும். வெள்ளையாக இருக்கும் கலப்புக் குட்டியை ராஜபாளையம் என்று விற்பவர்களும் உண்டு. தாயையும் முடிந்தால் தந்தையையும் பார்ப்பதுதான் அதற்குப் பாதுகாப்பு.

வாங்கியதும் கால்நடை மருத்துவரிடம் தடுப்பூசி அட்டவணையும் பூச்சி மருந்தும் கேட்டுத் தொடங்குங்கள். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசியும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறு ஊசியும் போட வேண்டும். சென்னையில் மாநகராட்சி உரிமம் கட்டாயம். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

சுருக்கமாகச் சொன்னால்?

முதல் முறை நாய் வளர்க்கிறீர்கள், குழந்தைகள் இருக்கிறார்கள், விருந்தினர் வருவார்கள், பகலில் யாராவது வீட்டில் இருப்பார்கள் என்றால் லேப்ரடார். சுற்றுச்சுவர் உள்ள தனி வீடு, தோட்டம், நாய் வளர்த்த அனுபவம், காவலும் வேண்டும் என்றால் ராஜபாளையம்.

காலை எட்டு மணிக்குப் பூட்டிய வீடு இரவு எட்டு மணிக்குத்தான் திறக்கும் என்றால் இரண்டும் வேண்டாம். உங்கள் சூழ்நிலை மாறும்வரை காத்திருங்கள்.

இந்த இரண்டு இனங்களுமே சுமார் பத்து முதல் பன்னிரண்டு ஆண்டு வாழக்கூடியவை. இன்று குட்டி கேட்கும் பிள்ளை அதற்குள் கல்லூரிக்கு வெளியூர் போயிருக்கலாம். அப்போதும் காலையில் நாயைக் கூட்டிப்போகப் போவது யார் என்பதை வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து முதலில் பேசி முடியுங்கள். அந்தக் கேள்விக்கு ஒருவரின் பெயர் விடையாகக் கிடைத்த பிறகு குட்டி பார்க்கப் புறப்படுங்கள்.